குற்றம் கேட்டு வந்தவர்

நான் எழுதிய ஒரு சிறுகதைக்காக என்னை மத்தியஸ்த சபைக்குக் கூப்பிட்டார்கள். இதைச் சொன்னால் கொழும்பில் இருக்கிற எழுத்தாள நண்பர்கள் மரியாதையோடு நிமிர்ந்து உட்காருவார்கள். அரசாங்கத்தைப் பற்றி ஏதோ துணிந்து எழுதிவிட்டேன் என்று நினைப்பு. முறைப்பாடு செய்தவர் எங்கள் ஒழுங்கையில் மூன்றாவது வீட்டுக்காரர் என்று சொன்னதும் அந்த மரியாதை இறங்கிவிடும்.

நான் கணித ஆசிரியை. காத்தான்குடி தாண்டித் தெற்கே, வாவியை ஒட்டிய ஊர். பாடசாலை, வீடு, பின்னேரத்தில் டியூசன் வகுப்பு. இவற்றுக்கு இடையில் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ கதை எழுதுவேன். மட்டக்களப்பிலிருந்து வருகிற ஒரு சிறு சஞ்சிகை அவற்றைப் போடும். காலாண்டிதழ் என்று அட்டையில் இருக்கும். எந்தக் காலாண்டு என்பது ஆசிரியரின் உடல்நிலையைப் பொறுத்தது. அதை வாசிப்பவர்கள் பெரும்பாலும் அதில் எழுதுகிறவர்கள்தான் என்பதால் நான் யாருக்கும் பயப்படாமல் எழுதிவந்தேன்.

என் எழுத்துக்குக் காரணம் நகர நூலகத்தில் இருந்த ஒரு அலுமாரி. அதில் ஐரோப்பிய நாவல்களின் மொழிபெயர்ப்புகள் இருந்தன. உயர்தரம் படிக்கிற காலத்தில் ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தேன். அவற்றில் வருகிறவர்கள் காரணம் தெரியாமல் வெட்கப்படுவார்கள். யாரிடமோ கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்று தவிப்பார்கள், அந்த யாரோ வரவே மாட்டார். தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது நான் ஏன் பிறந்தேன் என்று ஒரு கேள்வி வரும், பதில் வராமலே புத்தகம் முடியும். விடை இல்லாத கணக்கை இவ்வளவு தைரியமாக அச்சடித்திருக்கிறார்களே என்று முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு அதுவே பிடித்துப்போனது. நானும் அப்படி ஒன்று எழுத வேண்டும் என்று பல வருடம் நினைத்திருந்து கடைசியில் எழுதினேன்.

கதை இதுதான். ஒரு மனிதர் வாவியைக் கடக்கப் பாதையில் ஏறுகிறார். பாதை என்று நாங்கள் சொல்வது ஆட்களையும் சைக்கிள்களையும் அக்கரைக்கு ஏற்றிப்போகிற மிதவையை. அன்றைக்கு ஒருவரும் அவருக்குப் பக்கத்தில் நிற்கவில்லை. எல்லோரும் மற்றப் பக்கம் ஒதுங்க, பாதை ஒரு பக்கமாகச் சரிகிறது. தான் ஏதோ பிழை செய்துவிட்டதாக அவருக்குத் தோன்றுகிறது. என்ன பிழை என்று தெரியவில்லை. ஒவ்வொருவரிடமும் போய் மன்னிப்புக் கேட்கிறார். ஒவ்வொருவரும் பரவாயில்லை என்று மன்னித்துவிடுகிறார்கள். எதற்காக என்று மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. மன்னித்துவிட்டார்கள் என்றால் பிழை நடந்திருக்கத்தானே வேண்டும். அவர் கரையில் இறங்க வெட்கப்பட்டுப் பாதையிலேயே நின்றுவிடுகிறார். பாதை போய்ப் போய் வருகிறது. அவ்வளவுதான் கதை.

அந்த மனிதருக்கு நான் பெயர் வைக்கவில்லை. வயது சொல்லவில்லை, தொழில் சொல்லவில்லை. கையில் ஒரு மடித்த குடையை மட்டும் கொடுத்தேன். வெறுங்கையோடு ஒருவரை அவ்வளவு நேரம் நிற்கவைத்தால் வாசிக்கிறவர்களுக்கு என்னவோபோல் இருக்கும் என்று நினைத்துக் கொடுத்த குடை அது.

கதை வெளிவந்து கொஞ்ச நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எங்கள் பாடசாலை விஞ்ஞான ஆசிரியை என்மேல் உள்ள அன்பில் பக்கங்களைப் படம் பிடித்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். தண்ணீர் வெட்டு அறிவித்தலுக்கும் காணாமற்போன ஆட்டுக்கும் நடுவில் என் கதை வந்தது. ஊரே வாசித்தது. ஒருவர் கீழே எழுதினார், குடை யாருடையது என்று தெரிகிறது என்று. அதன் பக்கத்தில் கண்ணீர் வரச் சிரிக்கிற மஞ்சள் முகங்கள் வரிசையாக இருந்தன.

எங்கள் ஊரில் மழைக்கும் வெயிலுக்கும் விரிக்காமல் மடித்த குடையோடு திரிகிறவர் ஒருவர் இருக்கிறார். ஓய்வுபெற்ற டைம் கீப்பர். பஸ் நிலையத்தில் ஒரு சின்ன அறைக்குள் இருந்துகொண்டு எந்த பஸ் எப்போது புறப்பட வேண்டும் என்று விசில் ஊதித் தீர்மானிக்கிற வேலை. பிந்தி வந்த சாரதியை அவர் ஏச மாட்டார். ஒன்றும் பேசாமல் முதலில் மணிக்கூட்டைப் பார்ப்பார், பிறகு அந்த ஆளைப் பார்ப்பார். சாரதி தானாகவே மன்னிப்புக் கேட்பார். ஓய்வுபெற்ற பிறகும் அந்தப் பார்வை போகவில்லை. அவர் ஒழுங்கையில் வந்தால் சந்தைக்குப் போகிறவர்கள்கூடக் காரணமில்லாமல் நடையைக் கூட்டுவார்கள். கதை எழுதும்போது எனக்கு அவருடைய நினைவே இல்லை. இதை நான் யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள்.

ஒருநாள் பின்னேரம் அவர் எங்கள் கேற்றுக்கு வந்தார். வழக்கமாக என்னை மருமகள் என்று கூப்பிடுகிறவர், அன்றைக்கு டீச்சர் என்றார். அதிலேயே விஷயம் விளங்கிவிட்டது.

"டீச்சர், அந்த ஆள் என்ன செஞ்சவர்?"

கதையில் அது ஒருவருக்கும் தெரியாது என்றேன்.

"எழுதின உங்களுக்குமா தெரியா?"

எனக்கும் தெரியாது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் கேற்றில் கை வைத்தபடி நவீன இலக்கியம் பற்றி ஒரு சிறு விரிவுரை நடத்தினேன். மனிதனுக்குக் குற்ற உணர்வு வருவதற்குக் குற்றம் தேவையில்லை, அது இருப்பின் இயல்பு, பிறந்ததாலேயே ஒருவன் பதில் சொல்லவேண்டியவன் ஆகிறான் என்றெல்லாம் சொன்னேன். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப செஞ்சது உண்மைதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த கிழமை பொலிஸ் நிலையத்திலிருந்து தொலைபேசி வந்தது. சிறு முறைப்பாடுகளைப் பார்க்கிற சார்ஜன்ட் சிங்களவர். தமிழ் மெதுவாக, ஆனால் நன்றாகப் பேசினார். கதையை யாரோ அவருக்கு எடுத்துச் சொல்லியிருந்தார்கள். ஒரு விஷயத்தை மட்டும் அவர் தெளிவுபடுத்திக்கொள்ள விரும்பினார். பாதையில் ஏறிய ஆள் இறங்கினாரா, இல்லையா? இறங்கவில்லை என்றேன். அப்படியென்றால் காணாமற்போன கேஸா என்று கேட்டார். எங்கள் பகுதியில் அது விளையாட்டுச் சொல் அல்ல. இல்லை, கதை அந்த இடத்தில் முடிந்துவிட்டது, ஆள் பத்திரமாக இருக்கிறார் என்று அவசரமாகச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, இது பொலிசுக்கு உரியதல்ல, மத்தியஸ்த சபைக்கு அனுப்புகிறேன் என்றார்.

சபை சனிக்கிழமைகளில் ஆரம்பப் பாடசாலை ஒன்றில் கூடும். எங்களுக்குக் கிடைத்தது முதலாம் வகுப்பு அறை. சுவர் முழுக்க யானை, மயில், அன்னாசி. கதிரைகள் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குச் செய்தவை. மூன்று மத்தியஸ்தர்களும் முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், அவர்தான் தவிசாளர். இடப்பக்கம் காத்தான்குடியில் புடவைக் கடை வைத்திருக்கிற முதலாளி. வலப்பக்கம் ஓய்வுபெற்ற குடும்பநல மாது, ஊரில் பாதிப் பேரைப் பிறந்ததும் முதலில் தூக்கியவர். முறைப்பாட்டுக்காரர் மட்டும் உட்காரவில்லை. குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அடக்கியதும் ஏதோ பிழை செய்துவிட்டதுபோல முகம் சூடானது.

தவிசாளர் தொடங்கும்போதே சொல்லிவிட்டார், இங்கே தீர்ப்பு இல்லை, யார் குற்றவாளி என்று பார்ப்பதில்லை, இரண்டு பக்கத்தையும் இணக்கப்படுத்துவது மட்டுமே வேலை என்று. எனக்கு அது ஆறுதலாக இருந்தது. முறைப்பாட்டுக்காரரின் முகம் வாடிவிட்டது. தீர்ப்பு இல்லையென்றால் தான் எதற்கு வந்தேன் என்று கேட்டார்.

அவருடைய கோரிக்கை எளிமையானது. ஒன்றில் அந்த மனிதர் என்ன செய்தார் என்று நான் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அவர் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல வேண்டும். இரண்டையும் என்னால் சொல்ல முடியாது என்றேன். ஒன்றும் செய்யவில்லை என்று எழுதினால் கதையே இல்லை, என்ன செய்தார் என்று எழுதினாலும் கதை இல்லை. தவிசாளர் தமிழ் படிப்பித்தவர். அவர் தலையை ஆட்டினார், ஆனால் விளங்கி ஆட்டியதாகத் தெரியவில்லை. புடவைக் கடை முதலாளிதான் முன்னால் சாய்ந்தார். சின்னக் கதிரை கிறீச்சிட்டது.

"டீச்சர், குறை நினைக்க வேணாம். நான் புடவைக் கடை வச்சிரிக்கன். ஒரு ஆள் வந்து, இது என்ன துணியெண்டு கேட்டா, எனக்குத் தெரியா, வித்தது மட்டும் நான்தான் எண்டு சொல்ல ஏலுமா?"

சில துணிகள் அப்படித்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். குடும்பநல மாது என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

முறைப்பாட்டுக்காரர் அப்போது நடந்ததைச் சொல்லத் தொடங்கினார். கதையைப் படித்த பிறகு அவருக்கு நிம்மதி இல்லை. ஊருக்குத் தெரிந்து தனக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்கிறது என்று நினைத்திருக்கிறார். சரி, எதுவாக இருந்தாலும் முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டுவிடுவோம் என்று வீடு வீடாகப் போயிருக்கிறார். கோயில் நிர்வாகத் தலைவரிடம் போய், நான் ஏதும் பிழை செய்திருந்தால் மன்னிக்க வேண்டும் என்றிருக்கிறார். தலைவர் அவருடைய தோளில் தட்டி, அது பழைய கதை, விடுங்கள் என்றாராம். என்ன பழைய கதை என்று கேட்டதற்கு, இனி அதை ஏன் கிளறுவான் என்றாராம். சலூன்காரர், நான் அப்போதே மறந்துவிட்டேன் என்றிருக்கிறார். சொந்தத் தங்கை அழுதுவிட்டு, நீங்களாகக் கேட்டீர்களே, அதுவே போதும் என்றாராம்.

"ஒராளாவது, நீங்க ஒண்டும் செய்யல்ல எண்டு சொல்லல்ல" என்றார்.

நான் நகர நூலகத்தின் அந்த அலுமாரியிலிருந்து எடுத்துக் காகிதத்தில் கட்டிய ஒன்றை இந்த மனிதர் கால்நடையாகப் போய் ஊரில் நிரூபித்துவிட்டு வந்திருக்கிறார். எழுத்தாளர் ஒருவருக்கு இதைவிடப் பெரிய வெற்றி கிடைக்காது. எனக்கு அந்த இடத்தை விட்டு ஓடிவிட வேண்டும் போல் இருந்தது.

நான் மறுபடியும் விளக்க முயன்றேன். யாருக்கும் எதுவும் தெரியாது மாமா, கேட்டதால் மரியாதைக்குச் சொல்லியிருப்பார்கள் என்றேன். அவர் குடையைக் கைமாற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். சாரதிகளைப் பார்க்கிற பார்வை இல்லை அது.

"சண்டைக் காலத்தில ஆமி முகாமுக்கு வரச் சொல்லுவாங்க, டீச்சர். என்னத்துக்கெண்டு சொல்ல மாட்டாங்க. போய் வாங்கில குந்தி இருந்துபோட்டு வருவன். மறுகாவும் கூப்பிடுவாங்க. ஏன் கூப்பிட்ட, ஏன் விட்ட எண்டு இண்டைக்கும் தெரியா. அவங்களுக்கு என்ட பேரும் தெரியா. நீங்க படிச்ச புள்ள, எங்கட ஒழுங்கைப் புள்ள. நீங்களும் சொல்ல மாட்டன் எண்டா நான் ஆரிட்டப் போய்க் கேக்க?"

ஐரோப்பியர்களுக்கு அது இலக்கியம். எங்கள் ஒழுங்கையில் அதை வாங்கில் இருந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அதை நான் யோசித்திருக்கவில்லை. தவிசாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, அடுத்த சனிக்கிழமைக்கு அந்த ஆள் என்ன செய்தவர் என்று யோசித்துக்கொண்டு வாருங்கள் என்று எனக்கு வீட்டுப்பாடம் கொடுத்து அனுப்பினார்.

அந்தக் கிழமை எனக்கு நல்ல கிழமையாக இருக்கவில்லை. ஊர் என்னிடம் மரியாதையாக நடக்கத் தொடங்கியது. மீன் வாங்கப் போனால் வியாபாரி, டீச்சர், என்னை எழுதிப்போட வேண்டாம் என்று சொல்லிக் கெளுத்தியை இரண்டு முறை கழுவித் தந்தார். என் கணவர் மருந்துக் கடை வைத்திருக்கிறார். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து என் கதை ஒன்றையும் அவர் வாசித்ததில்லை, வாசித்தால் சண்டை வரும் என்ற நல்லெண்ணத்தில். வழக்கு என்று ஆனதும் முதல் தடவையாக வாசித்தார். மத்தியானம் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். அவர் தட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"அது நானா?"

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்துவிட்டு, தானாகவே ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். என் மாங்காய்ச் சொதி அவருக்கு ஒருபோதும் பிடித்ததில்லையாம். பெரியகல்லாற்றில் என் சித்தியின் செத்தவீட்டுக்கு வராமல் காய்ச்சல் என்று படுத்திருந்தாரே, அன்றைக்குத் தொலைக்காட்சியில் கிரிக்கெட் இறுதிப் போட்டியாம். நான் வளர்த்த பூனை ஓடிப்போகவில்லையாம். மருந்துப் பெட்டிகளில் ஏறிப் படுக்கிறது என்று ஓட்டமாவடிக்குப் போகிற லொறியில் ஒரு நண்பரிடம் கொடுத்துவிட்டாராம், அங்கே அது நன்றாக இருக்கிறதாம். நான் எதையும் கேட்கவில்லை. ஆனால் வாயில் வந்தது, பரவாயில்லை, விடுங்க என்பதுதான். சொன்ன பிறகு, பாதையில் நின்றவர்களில் நானும் ஒருத்தி என்று விளங்கியது. பூனையை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வீட்டுப்பாடமும் ஓடவில்லை. கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் குற்றங்களை எழுதி எழுதி வெட்டினேன். பெரிய குற்றம் போட்டால் அவருக்கு அவமானம். சின்னக் குற்றம் போட்டால், இதற்கா ஊரே ஒதுங்கியது என்று சிரிப்பார்கள்.

இரண்டாவது சனிக்கிழமை அறைக்குள் போனபோது எங்களுக்கு முன்னமே ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தார். கூட்டுறவுக் கடையில் முன்பு முகாமையாளராக இருந்தவர். மடியில் ஒரு கறுப்புக் குடை. அவர் தவிசாளரிடம் மிகப் பணிவாகச் சொன்னார், கதையில் வருவது தான்தான் என்று. பாதையில் அக்கரைக்குப் போகும்போது தனக்குப் பக்கத்தில் ஒருவரும் நிற்பதில்லை என்பதைப் பல வருடமாகக் கவனித்து வருகிறாராம். இதைக் கண்டுபிடித்து எழுதியதற்கு எனக்கு நன்றி சொல்ல வந்தாராம். அவர் சுருட்டுப் பிடிக்கிறவர் என்பதால் பக்கத்தில் நிற்பதில்லை என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை.

டைம் கீப்பருக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. தான் முதலில் முறைப்பாடு செய்ததாகச் சொன்னார். ஊர் முழுக்க நடந்து மன்னிப்புக் கேட்டது தான் என்றார். நோகாமல் வந்து உட்கார்ந்து இன்னொருவர் எப்படி அது நான் என்று சொல்லலாம் என்று கேட்டார். மற்றவர், குடை என்னுடையது என்றார். தவிசாளர் இருவரையும் சமாதானப்படுத்தி, புதியவர் முறைப்படி பொலிசில் முறைப்பாடு செய்துவிட்டு வர வேண்டும் என்று வெளியே அனுப்பினார். கதையில் வருவது தானில்லை என்று நிரூபிக்க வந்த டைம் கீப்பர், அது தான்தான் என்று நிரூபித்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். அதை அவரும் கவனித்திருக்க வேண்டும். முதல் தடவையாகக் கதிரையில் உட்கார்ந்தார்.

நான் என் வீட்டுப்பாடம் முடியவில்லை என்று ஒத்துக்கொண்டேன். அதிபராக இருந்தவருக்கு அது புதிதல்ல. அவர், நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து யோசிப்போம் என்றார். அதன் பிறகு நடந்ததுபோல ஒரு இலக்கியக் கலந்துரையாடல் மட்டக்களப்பில் எந்த மண்டபத்திலும் நடந்திருக்காது.

தவிசாளர் களவு என்று தொடங்கினார். டைம் கீப்பர் முகத்தைச் சுளித்தார். தன் குடும்பத்தில் அப்படி ஒருவர் இல்லை என்றார். பொய்ச் சாட்சி? யாருக்காக என்று கேட்டார். முதலாளி, அளவில் குறைத்து விற்றதாகப் போடலாமே, பெரிய பாவம், ஆனால் நிறையப் பேர் செய்கிறார்கள் என்றார். தனக்குக் கடையே இல்லையே என்றார் டைம் கீப்பர். குடும்பநல மாது தயங்கித் தயங்கி ஒரு பெண் விவகாரத்தைத் தொட்டார். டைம் கீப்பருக்கு அதில் பெரிய வெறுப்பு இருந்ததாகத் தெரியவில்லை, ஆனால் மனைவி வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார் என்று மறுத்துவிட்டார். நான் வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டதாக வைக்கலாமா என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். எங்கள் ஊரில் அது யார் செய்யாத வேலை, அதற்காக ஒரு மனிதன் பாதையை விட்டு இறங்காமல் நிற்பானா என்று கேட்டார். நியாயமான விமர்சனம்.

யோசனைகள் தீர்ந்துபோயின. வெளியே புதியவர் சுருட்டுப் பற்றவைத்த மணம் வந்தது. டைம் கீப்பர் குடைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தவர் மெதுவாகச் சொன்னார்.

"பஸ்ஸ நேரத்துக்கு முந்தி அனுப்பினவர் எண்டு எழுதுங்க."

முதலாளி சிரித்துவிட்டார். டைம் கீப்பர் சிரிக்கவில்லை. பிந்தி அனுப்புவது வேறு, அதற்கு ஆயிரம் காரணம் இருக்கும், ஏறினவர்கள் ஏசிவிட்டுப் போவார்கள் என்றார். முந்தி அனுப்பினால், சரியான நேரத்துக்கு ஓடிவருகிற ஒருவர் வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் மேல் ஒரு பிழையும் இல்லை. ஆனால் தன் மணிக்கூடுதான் பிழை என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் போவார். அதற்கு மேல் ஒரு குற்றம் டிப்போவில் இல்லை என்றார்.

நீங்கள் எப்போதாவது அப்படி அனுப்பினீர்களா என்று குடும்பநல மாது கேட்டார்.

"நான் செய்யல்ல. செஞ்சிருந்தா இதத்தான் செஞ்சிருப்பன்."

தவிசாளர் இணக்கத்தை எழுதி இருவரையும் கையெழுத்துப் போடச் சொன்னார். கதைக்கு நான் ஒரு புது முடிவு எழுத வேண்டும், அதில் அந்தக் குற்றம் வர வேண்டும், அந்த மனிதர் கரையில் இறங்க வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது டைம் கீப்பர், வெயிலுக்குள்ள நடக்காதங்க மருமகள், ஆட்டோவில போங்க என்றார்.

புது முடிவை அன்றைக்கே எழுதினேன். பாதையில் ஒரு பெண் அந்த மனிதரிடம், நீங்கள்தான் அன்றைக்கு பஸ்ஸை நேரத்துக்கு முந்தி அனுப்பியவர் என்கிறாள். அவர் எதற்கு என்று தெரிந்து மன்னிப்புக் கேட்கிறார், குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போகிறார். சஞ்சிகை ஆசிரியருக்கு அனுப்பினேன். அவர் மனம் நொந்து பேசினார். நல்ல இருளாக இருந்த கதையில் யாரோ குழல் விளக்குப் போட்டதுபோல இருக்கிறது என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். அவர் அதைப் போடவில்லை. அதற்குப் பிறகு சஞ்சிகையும் வரவில்லை, அது வேறு காரணம். ஆனால் விஞ்ஞான ஆசிரியை இருக்கிறாரே, அவர் அடுத்த நாள் காலையிலேயே குழுவில் போட்டுவிட்டார். எல்லோரும் கைகூப்பினார்கள், பூப்போட்டார்கள். ஒரு மஞ்சள் முகமும் சிரிக்கவில்லை.

இதோடு முடிந்துவிடும் என்றுதான் சபையில் இருந்த எல்லோரும் நினைத்தோம். ஆனால் ஊரில் பஸ்ஸைத் தவறவிடாத மனிதர் யார் இருக்கிறார்? புது முடிவு வந்த கிழமையே ஒருவர் டைம் கீப்பரின் வீட்டுக்குப் போய்விட்டார். இருபது வயதில் கொழும்பில் ஒரு நேர்முகத் தேர்வு இருந்ததாம், பஸ் முந்திப் போய்விட்டதாம், இல்லையென்றால் இன்றைக்குத் தான் பெரிய உத்தியோகத்தில் இருந்திருப்பேன் என்றாராம். டைம் கீப்பர் அவரை விறாந்தையில் உட்காரவைத்து விசாரித்தார். என்ன மாதம், எந்தப் பக்கத்து பஸ், சாரதி மீசை வைத்தவரா வைக்காதவரா. கடைசியில், அந்த சாரதி தன் வாழ்நாளில் நேரத்துக்கு வண்டி எடுத்தவரே இல்லை, பஸ் பிந்தித்தான் போயிருக்கும், நீங்கள் அதற்கும் பிந்தியிருக்கிறீர்கள் என்று சொல்லி அனுப்பினார். வந்தவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் அவர் சந்தையில் நின்று சந்தோஷமாக இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கல்யாணம் குழம்பிப்போனவர், வெளிநாட்டு விமானத்தைத் தவறவிட்டவர், தகப்பனின் கடைசி மூச்சுக்குப் போய்ச்சேராதவர். காத்தான்குடியிலிருந்து ஒரு குடும்பமே வானில் வந்திறங்கியது, அவர்களை அனுப்பியது புடவைக் கடை முதலாளி. டைம் கீப்பர் காலையில் குளித்துத் திருநீறு பூசி, வெள்ளைச் சேட்டுப் போட்டு விறாந்தையில் உட்கார்ந்துவிடுவார். ஒவ்வொருவரையும் முழுமையாக விசாரிப்பார். மன்னிப்பு என்ற பேச்சே அங்கே இல்லை. பஸ் சரியாகத்தான் போனது, நீங்கள்தான் பிந்தினீர்கள் என்பதே எல்லோருக்கும் முடிவு. தகப்பனிடம் போய்ச்சேராதவருக்கு மட்டும் அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, அன்றைக்கு வலையிறவுப் பக்கம் றோட்டு மூடியிருந்தது, ஒரு வண்டியும் போகவில்லை, உங்கள் பிழையும் இல்லை, டிப்போவின் பிழையும் இல்லை என்றாராம். வந்தவர் அந்த விறாந்தையிலேயே இருந்து அழுதுவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனாராம்.

நானும் போனேன். அயல்வீட்டுக்காரி என்ற சலுகை கிடைக்கவில்லை, வாங்கில் உட்கார்ந்து என் முறை வரும்வரை காத்திருந்தேன். என் முதல் நியமனம் கல்குடாப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில். முதல் நாளே பஸ் போய்விட்டது. அதிபர் அதற்குப் பிறகு என்னை ஒரு ஆசிரியையாக மதிக்கவே இல்லை, இடமாற்றம் வரும்வரை. பஸ் முந்திப் போய்விட்டது என்றுதான் அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். என்னைப் பொறுத்தவரை அது உண்மை.

டைம் கீப்பர் மழை பெய்ததா என்று கேட்டார். பெய்தது என்றேன். எந்தப் பக்கத்தால் வந்தீர்கள் என்று கேட்டார். பாலத்துப் பக்கத்தால், ஓடி வந்தேன் என்றேன்.

"ஓடி வந்தனீங்களா?"

"ஓம் மாமா. மூச்சு வாங்க ஓடி வந்தன்."

"அப்ப கதை முடிஞ்சிது, மருமகள். நேரத்துக்கு வாற ஆள் ஓட மாட்டா."

இதற்கு மேல்முறையீடு எங்கே செய்வது என்று கேட்டேன். அப்படி ஒன்று இல்லை என்றார். அவருடைய மனைவி பால் விடாத தேத்தண்ணியும் கல்பணிசும் கொண்டுவந்து தந்தார். கல்பணிசைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன். எனக்குக் கோபம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம். பின்னால் பாலமுனையிலிருந்து வந்த ஒரு அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். நான் எழுந்து கதிரையை அவருக்கு இழுத்துப் போட்டுவிட்டு, டியூசன் பிள்ளைகள் வந்திருப்பார்கள் என்று வேகமாக நடந்தேன்.